பீடத்துக்கு அடியில்

நவம்பர் 9

காஸ்தெல்ரோவோவுக்கு வந்து ஒரு வாரம். ரோமிலிருந்து வடக்கே ஒரு பேருந்து, அதிலிருந்து இறங்கி இன்னொரு பேருந்து, அதற்குப் பிறகு கால்தான். பள்ளத்தாக்கின் நடுவில் தனியாக எழுந்து நிற்கிற குன்று. உச்சியில் ஊர். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நான்காவது பக்கம் பாறையை வெட்டி இறக்கிய ஒற்றைப் பாதை. புன்னைக்காயலில் ஆற்றுமுகத்து மணலில் ஓடி வளர்ந்தவனை எங்கே கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார் ஆயர். முட்டி இரண்டும் வலிக்கின்றன.

என் பெயரைக் கேட்டு ஊரே சிரித்தது. லூர்து என்றால் இவர்களுக்கு யாத்திரை போகிற ஊர். நம் ஊர்க் கோயிலுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து "என் பெயர் வேளாங்கண்ணி" என்றால் நாமும் சிரிப்போம். ஆகவே கோபித்துக்கொள்ளவில்லை.

நாட்குறிப்பு எழுதாவிட்டால் தமிழ் துருப்பிடித்துவிடும் என்று பென்சிகர் மிரட்டினான். செமினரியில் என்னோடு படித்தவன். இப்போது அங்கேயே திருச்சபைச் சட்டம் கற்பிக்கிறான். சரி, எழுதுகிறேன். ஆனால் இவர்கள் பேசுவதை எங்கள் கடற்கரைப் பேச்சில்தான் எழுதுவேன். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

நவம்பர் 17

ஓயாத மழை. சமையலும் கோயில் சாவியும் நோர்மா என்ற விதவையின் பொறுப்பு. கோயிலைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார். பீடத்தைச் சுற்றிப் பெருக்கும்போது மட்டும் யாரையும் கிட்டே விடுவதில்லை.

இன்று கசாப்புக் கடைக்காரர் ஓரெஸ்தே தன் நிலவறையைக் காட்டினார். திருவிழாக் கமிட்டித் தலைவர். கதவு அகலத்துக்கு ஒரு மனிதர். இங்கே எல்லா வீட்டுக்கும் அடியில் நிலவறை உண்டு. உள்ளே கோடையிலும் மண்பானைக் குளிர்ச்சியாம். ஒயின் பீப்பாய்கள், கூரையிலிருந்து தொங்குகிற பன்றித் தொடைகள். இன்னும் பெரிதாக்கிக் கொள்ளலாமே என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

"அடுத்தவன் வீட்டுக்கு அடியில ஒரு சாண் போனாலும் கொலை விழும் சாமி. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல விழுந்துருக்கு. அதுபோக, தோண்டுற எடத்துல பழைய ஆளுங்க கல்லறை ஏதும் கண்டாச்சுன்னா ஆபீஸ்காரங்க வந்து வீட்டையே பூட்டிருவாவ. இங்ஙன ஒருத்தரும் தோண்டுறதில்ல."

சொல்லிவிட்டு என் கிளாஸை நிரப்பினார். நல்ல ஒயின்.

நவம்பர் 25

மாகாண அலுவலகத்திலிருந்து இலாரியா என்ற பெண் வந்து பள்ளிக்கூட அறையில் பேசினாள். நிலவியல் படித்தவள். காலில் சேற்றுப் பூட்ஸ், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. எனக்குப் பிடித்தது.

இந்தக் குன்று பாறையே இல்லையாம். எப்போதோ வெடித்த எரிமலைகளின் சாம்பல் படிந்து இறுகிய மஞ்சள் கல். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் வெட்டலாம். காற்றுப் பட்டால் இறுகும். அதற்கு அடியில் வெறும் களிமண். அதாவது, ஊர் ஒரு மஞ்சள் பலகையின் மேல் இருக்கிறது. பலகை களிமண்ணின் மேல் இருக்கிறது.

ரோமர்களுக்கு முன்னால் எத்ருஸ்கர் என்ற மக்கள் இங்கே ஏறி வந்தார்கள். எதிரிக்கு ஏற முடியாத இடம், வெட்டுவதற்கு எளிதான கல், வேறென்ன வேண்டும். இறந்தவர்களுக்கும் பாறைக்குள் வீடு குடைந்தார்கள். கூரையில் மர உத்தரம் மாதிரி செதுக்கி, கல்லிலேயே கட்டிலும் தலையணையும் செய்து படுக்கவைத்தார்கள். எங்கள் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் தாழிக்குள் உட்காரவைத்துப் புதைத்ததைச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. பிறகு அரை மணி நேரம் எங்கள் இருவருக்கும் மற்றவர்கள் அங்கே இருப்பதே மறந்துவிட்டது.

அந்த மக்கள் செய்த இன்னொரு வேலையைத்தான் அவள் முக்கியமாகச் சொல்ல வந்திருந்தாள். குன்றுக்குள் குறுகலான நீர்வழிகள் வெட்டியிருந்தார்களாம். மழைத்தண்ணீர் உள்ளே தங்காமல் பாறை முகப்பிலிருந்து கொட்டிவிடும்.

"எங்க அப்பா சின்னப் பையனா இருக்கையில, மழ பெஞ்சா இந்தப் பாறையிலேருந்து அருவி மாதிரி விழுமாம். இந்த வருசம் இவ்வளவு பெஞ்சும் ஒரு சொட்டு வெளிய வரல. தண்ணி எங்க போகுது? உங்க நிலவறை எதும் அந்த வழிய மறிச்சிருக்கான்னு எனக்குத் தெரியணும்."

அவள் கரும்பலகையில் ஊரை வரைந்தாள். வீடுகள் குன்றின் விளிம்பையொட்டி வட்டமாக. நடுவில் சதுக்கம், சதுக்கத்தில் கோயில்.

"வீட்டுக்குப் பின்னால பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் அடுத்த வீடு. யாராவது தோண்டணும்னா..." என்று சொல்லிச் சுண்ணாம்புக் கட்டியை நடுவில் வைத்தாள்.

ஓரெஸ்தே மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோர்மா மடியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

டிசம்பர் 11

மழை. முட்டிவலி. காய்ந்த மீன் கனவில் வந்தது.

டிசம்பர் 22

கிறிஸ்மஸ் பாவசங்கீர்த்தனம், ஊரார் தங்கள் பாவங்களைச் சாமியாரிடம் ரகசியமாகச் சொல்கிற நாள். காலையிலிருந்து மாலைவரை கோயில் மூலையில் இருக்கிற மரக்கூண்டில், எங்கள் பேச்சில் தொட்டியில், உட்கார்ந்திருந்தேன். ஊரில் பாதிக்கு மேல் வந்தார்கள். புதுச் சாமியார் வந்தால் பழைய சரக்கெல்லாம் வெளியே வரும் என்று பென்சிகர் சொன்னது சரிதான். அயல்நாட்டுக்காரர், பாதி புரியாது, இரண்டு வருடத்தில் போய்விடுவார் என்ற தைரியம்.

தொட்டியில் கேட்டதை எழுதமாட்டேன். கொலை செய்யப்போகிறேன் என்று ஒருவன் சொன்னாலும் வெளியே வந்து வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அதன் பிறகு நான் சாமியார் இல்லை.

ஆகவே இன்று எழுத எதுவுமில்லை. இரவு சாப்பிடவில்லை.

கீழே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கத்தையே கிழித்து அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 23

அவர்களில் ஒருவருக்குக்கூட மற்றவரைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரிகிறது. இதற்குமேல் எழுதினால் கையை வெட்ட வேண்டும்.

டிசம்பர் 25

காலைப் பூசையில் பாடகர் குழுவைப் பீடத்துக்குப் பக்கத்திலிருந்து வாசலுக்கு மாற்றினேன். குளிருக்காக என்று சொன்னேன்.

"குளிரு வாசப்பக்கந்தான சாமி அதிகம்?" என்றார் நோர்மா.

அங்கியை எடுத்து மாட்டினேன். ஓரெஸ்தேயின் பேத்தி பாலன் இயேசுவைப் பார்க்க முன்னால் ஓடிவந்து குதித்தது. "ஓடாத" என்று நான் போட்ட சத்தத்தில் கோயிலே திரும்பிப் பார்த்தது. குழந்தை அழுதுவிட்டது. கிறிஸ்மஸ் அன்றைக்கு ஒரு குழந்தையை அழவைத்த சாமியார் என்று இனி என்னைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். நற்கருணை அப்பம் கொடுக்கப் பீடத்துக்கு முன்னால் நிற்கிறேன். எல்லாரும் வரிசையாக நான் நிற்கிற இடத்துக்கே வருகிறார்கள்.

டிசம்பர் 29

பென்சிகரைக் கைபேசியில் அழைத்தேன்.

"ஒரு அனுமானக் கேள்வி" என்றேன்.

"அனுமானக் கேள்வின்னு வாரவன் எல்லாம் கழுத்துவரைக்கும் முங்குனவன்தான் மக்கா. சொல்லு."

தொட்டியில் கேட்ட விஷயத்தால் பல உயிர் போகும் என்று தெரிந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டேன். எதுவும் செய்ய முடியாது என்றான். சொல்லவும் கூடாது, ஜாடை காட்டவும் கூடாது. கோயிலைப் பூட்டுவது, பூசையை இடம் மாற்றுவது, எல்லாம் சொன்ன மாதிரிதான்.

"பாடகர் குழுவ வாசலுக்கு மாத்துனா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

பென்சிகர் குரலைத் தாழ்த்தினான். "தொட்டி ஒன் வாயத்தான் அடைக்கும், கண்ண அடைக்காது. நீயா பாத்தத நீ சொல்லலாம். ஆனா அங்க கேட்டத வச்சித் தேடிப் போயிப் பாத்தேன்னா அதும் தப்புதான். அதுவா ஒன் கண்ணுல படணும்."

சொன்னவர்களிடமே, தொட்டிக்குள் வைத்தே, நீங்களாகப் போய் அலுவலகத்தில் சொல்லுங்கள் என்று மன்றாடலாம் என்றான். மன்றாடியாகிவிட்டது என்று அவனிடம் நான் எப்படிச் சொல்ல முடியும்.

ஜனவரி 6

திருவிழாக் கமிட்டிக் கூட்டம். பாதுகாவலர் புனித பிளாசி. பிப்ரவரி மூன்றாம் தேதி அவருக்குத் திருவிழா. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருவார்களாம். ஓரெஸ்தே உற்சாகமாக விளக்கினார். சப்பரத்தைத் தூக்கக் கல்யாணமாகாத ஆண்கள் போதவில்லை, கல்யாணமானவர்களையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. பிளாசியின் சுரூபம், அதாவது சிலை, முழுக்க வால்நட் மரம்; அவ்வளவு கனம். கோயிலுக்குள் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் இறக்கியதும் விளக்கை அணைப்பார்கள்.

"அதுக்கப்புறந்தான் சாமி திருவிழாவே. எல்லாரும் ஒண்ணுபோலக் காலால தரைய இடிப்போம். மூணு தடவ. பிளாசி எந்திரிக்கணும்லா."

"எல்லாருமா?"

"முந்நூறு பேரு. சத்தம் அடிவாரத்துல கேக்கும்."

இந்த வருடம் வெளியே வைத்துக்கொள்ளலாமா என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டார் நோர்மா. சும்மா என்றேன். ஜாடை காட்டியதாகுமா இது? தெரியவில்லை. இரவு முழங்காலில் நின்று கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜனவரி 13

எனக்கு முன்னால் இங்கே முப்பது வருடம் பங்குத்தந்தையாக இருந்த தொன் கயெத்தானோவைப் பார்க்கப் போனேன்; 'தொன்' என்பது இங்கே சாமியார் பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை. சமவெளியில் வயதான குருக்களுக்கான இல்லத்தில் படுத்திருக்கிறார். முதுகெலும்பு உடைந்துவிட்டது. கோயில் படியில் வழுக்கியதாக ஊரில் சொல்கிறார்கள்.

அவரிடம் ஒன்றைக் கேட்கத்தான் போனேன். கேட்க முடியாது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. அவரும் அதே தொட்டியில் உட்கார்ந்தவர். நான் கேட்கவும் கூடாது, அவர் சொல்லவும் கூடாது. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெறகு எவ்வளவு இருக்கு?" என்றார் திடீரென்று.

"பாதி இருக்கு, சாமி."

"குளிரு அதிகமா?"

"அதிகந்தான்."

"அப்ப நல்லா எரிங்க. சிக்கனம் பாக்காதிய."

தேநீர் வந்தது. மறுபடியும் விறகு. கிளம்பும்போது மறுபடியும் விறகு. எனக்கு எரிச்சலாகிவிட்டது. ஊரே ஆபத்தில் இருக்கிறது, இவருக்கு விறகுக் கவலை. புத்தி தடுமாறிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய கைகள் மட்டும் கண்ணில் நின்றன. சாமியார் கை அல்ல. நகமெல்லாம் தடித்து வெடித்து, கொத்தனார் கை மாதிரி இருந்தன.

ஜனவரி 19

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

மதியம் அடுப்புக்கு விறகு எடுக்கச் சாமியார் பங்களாவின் நிலவறைக்கு இறங்கினேன். தினமும் எடுக்கிற அடுக்குதான். இன்று எடுத்த கட்டைக்குப் பின்னால் துருப்பிடித்த இரும்பு தெரிந்தது. இன்னும் நாலு கட்டையை விலக்கினேன். கதவு. பூட்டு இல்லை. இழுத்ததும் திறந்துகொண்டது.

குளிருக்குத்தான் போனேன். தேடிப் போகவில்லை. இதை நான் எழுதிவைக்க வேண்டும்.

கைபேசி வெளிச்சத்தில் நாலைந்து படி இறங்கினேன். முதல் அறையின் கூரையில் உத்தரம் செதுக்கியிருந்தது. இரண்டு பக்கமும் கல் கட்டில்கள், கல் தலையணைகள். இலாரியா சொன்னவர்களின் வீடு. யாரும் படுத்திருக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டேன்; அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, எனக்குத் தேவைப்பட்டது.

அந்த அறைக்குப் பின்சுவர் இல்லை. அதற்கப்பால் யாரோ குடைந்து, குடைந்து, ஒரு மண்டபமே ஆக்கியிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் இற்றுப்போன பழைய பீப்பாய்கள். பூசை ஒயின் வைக்க இடம் வேண்டித் தோண்டத் தொடங்கிய ஏதோ ஒரு சாமியாரின் வேலை. தலைக்கு மேலே சரக், சரக் என்று சத்தம் கேட்டது. நின்று கேட்டேன். நோர்மா பெருக்குகிறார். நாற்காலியை நகர்த்துகிறார். நான் பீடத்துக்கு நேர் அடியில் நிற்கிறேன்.

மண்டபம் முழுக்கத் தூண்கள். கொத்தனார் கட்டியவை அல்ல. ஒன்றுகூட நேராக இல்லை. செங்கல், மஞ்சள் கல், உடைந்த பீடப் பலகை, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அடுக்கியவை. ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை, ஒரு பெயர். தொன் பார்த்தொலொமேயோ. தொன் செவெரீனோ. தொன் அக்கில்லே. கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகக் கிடக்கிற பெயர்கள், எல்லாரும் இந்த ஊர்ப் பங்குத்தந்தையர். கடைசித் தூண் என் நெஞ்சு உயரத்தோடு நின்றிருந்தது. அதில் தொன் கயெத்தானோ. பக்கத்தில் சாய்ந்து கிடக்கிற ஏணி, காரை இறுகிப்போன வாளி, அதற்குள் சிக்கிக்கொண்ட கொத்துக் கரண்டி.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தனை பேரும் தொட்டியில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே இறங்கி வந்து, யாருக்கும் தெரியாமல், ஊரைத் தாங்க ஆளுக்கொரு தூண் கட்டிவிட்டுச் செத்துப்போனார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் எழுத வேண்டும்.

பக்கச் சுவர்கள் மெல்லியவை. ஒன்றின் பின்னாலிருந்து பன்றித் தொடை வாசனை வந்தது. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஜனவரி 21

அடிவாரக் கடையில் சிமென்ட் வாங்கினேன். கோழிக்கூடு கட்டப்போவதாகச் சொன்னேன். தொன் கயெத்தானோவின் தூணில் இரண்டு வரிசை ஏற்றினேன். கை கொப்பளித்துவிட்டது. கோணலாகத்தான் வந்தது.

ஜனவரி 22

மூன்றாவது வரிசையும் ஏற்றிவிட்டு இளைப்பாற தொன் அக்கில்லேயின் தூணில் சாய்ந்தேன். தூண் அசைந்தது.

வெளிச்சத்தை மேலே தூக்கிப் பார்த்தேன். தூணின் தலைக்கும் கூரைக்கும் நடுவே என் விரல் நுழைகிற இடைவெளி. அடுத்த தூண், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. ஒன்றும் எதையும் தாங்கவில்லை. கீழே குனிந்தேன். தூணின் காலடியில் தண்ணீர். விரலால் அழுத்தினேன், பிசைந்த மாவு மாதிரி உள்ளே போயிற்று. வெளியே போக வழியில்லாத மழை இங்கேதான் வந்து நிற்கிறது. தூண்கள் களிமண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கோயில் தூணில்லாமல், பழக்கத்தில் நிற்கிறது.

இரண்டு நாளாக நான் கட்டியது எதற்கு? வாய் திறக்காமல் தப்பிக்கத்தான். திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஜனவரி 23

பென்சிகரிடம் விறகு, கதவு, மண்டபம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "யாரு சொல்லி அங்ஙன போன?" என்று கேட்டான்.

"யாரும் சொல்லல. வெறகு எடுக்கப் போனேன்."

"ஒன் வீடு, ஒன் வெறகு, ஒன் கதவு. ஒன் கோயிலு தோண்டுன குழி. அப்புறமென்னலே? வாயத் தொற."

"இவ்வளவு பேரு இருந்தாவ. ஒருத்தரும் தொறக்கலையே. ஒருவேளை அவங்கதான் சரியோ?"

"அவங்க காலத்துல தூணு தாங்கிருக்கு. இப்போ தாங்கல. அதப் பாத்தது நீ" என்றான்.

இலாரியாவை அழைத்தேன். "என் வீட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 25

இலாரியா வந்து அந்தக் கதவுக்குள் இறங்கினாள். கல் கட்டிலைத் தொட்டாள். தூண்களைப் பார்த்தாள். இடைவெளியில் தன் பேனாவை நுழைத்து எடுத்தாள்.

"திருவிழாவுக்கு மேல எத்தன பேரு நிப்பாவ?"

"முந்நூறு. கடைசியில காலால இடிப்பாவ."

பக்கச் சுவரைத் தட்டினாள். பானையைத் தட்டிய மாதிரி கேட்டது. "இதுக்குப் பின்னால?"

"நான் பாத்தது இந்த அறை மட்டுந்தான்."

'பார்த்தது' என்ற சொல்லில் நான் கொஞ்சம் நின்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் மேலே ஏறிப் போய்க் கைபேசியை எடுத்தாள். மாலைக்குள் கோயில் பூட்டப்பட்டது. சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் யாரும் போகக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூட அறையில் கட்டில் போட்டுத் தந்தார்கள்.

ஜனவரி 28

ஊர் மொத்தமும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. பேசியது ஓரெஸ்தே.

"எங்க பாட்டன் பூட்டன் கும்பிட்ட கோயிலு. வந்து மூணு மாசத்துல பூட்டிட்டிய. நாளைக்கு நீங்க ஒங்க ஊருக்குப் போயிருவிய. நாங்க எங்க போவோம்?"

தலையைக் குனிந்து நின்றேன்.

"தோண்டுனது சாமியாருமாரு. தண்டன எங்களுக்கா? கடவுளு வீட்டுக்கு அடியில தோண்ட ஒங்க ஆளுங்களுக்கு எப்பிடி சாமி மனசு வந்துச்சு?"

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அப்போது கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதை இங்கே எழுதினாலும் காரணத்தை எழுத முடியாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். உண்மையிலேயே கடித்தேன், ரத்தம் உப்புக்கரித்தது.

நோர்மா சாவிக்கொத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். இனிச் சமையலும் இல்லை.

பிப்ரவரி 3

திருவிழாவைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து வயலில் வைத்துக்கொண்டார்கள். பூசை வைக்க வேறு சாமியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். விளக்கை அணைத்து, முந்நூறு பேரும் தரையை இடித்தார்கள். சேறுதான் தெறித்தது. ஓரெஸ்தேயின் பேத்தி எல்லாரையும்விட உயரமாகக் குதித்தது. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நானும் என் காலால் ஒருமுறை மெதுவாகத் தட்டினேன்.

பிப்ரவரி 7

கோயில் விழுந்துவிட்டது.

காலை பதினொரு மணி இருக்கும். உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன். புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. மணி ஒரு தடவை அடித்தது. பிறகு பூமிக்குள் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடினேன். சதுக்கத்தில் மஞ்சள் புழுதி. அடங்கியபோது கோயில் இருந்த இடத்தில் பெரிய பள்ளம். முன்வாசல் சுவர் மட்டும் நிற்கிறது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. உள்ளே யாரும் இருக்கவில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. இனி எழுதலாம், எல்லாரும் பார்த்ததுதான். பள்ளத்தின் சுவரைச் சுற்றி, மேசையின் இழுப்பறைகளைத் திறந்துபோட்ட மாதிரி, அறைகள். எல்லா வீட்டு நிலவறையிலிருந்தும் ஒன்று, கோயிலுக்கு அடியில். ஓரெஸ்தேயின் பன்றித் தொடைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு அடுத்ததில் தபால்காரரின் ஒயின் பீப்பாய்கள். அதற்கடுத்ததில், பீடம் இருந்த பக்கமாக, நோர்மாவின் தக்காளிப் பாட்டில்கள், சிவப்பு வரிசையாக, ஒன்றுகூட உடையாமல். ஒவ்வொரு அறைக்கும் நடுவே கையகலச் சுவர். அடுத்தவர் வீட்டுக்கு அடியில் ஒரு சாண்கூட யாரும் போகவில்லை.

அதிர்ச்சியில் ஊரே உறைந்து நின்றது. நானும் வாயைப் பிளந்து நிற்க வேண்டியிருந்தது. நடித்துப் பழக்கமில்லை. எப்படிச் செய்தேனோ தெரியாது.

நோர்மா தபால்காரரைப் பார்த்தார். தபால்காரர் ஓரெஸ்தேயைப் பார்த்தார். தோண்டியது தான் ஒருவர்தான் என்று ஆயுள் முழுக்க நினைத்திருந்தவர்கள். அப்புறம் எல்லார் கண்ணும் பள்ளத்தின் நடுவுக்குப் போனது.

தூண்கள். இரண்டு மூன்று சாய்ந்து கிடந்தன. மற்றவை தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல், கோணல்மாணலாக வெயிலில் நின்றன. பெயர்கள் மேலிருந்தே படிக்கத் தெரிந்தன. ஓரெஸ்தே உதட்டை அசைத்துப் படித்தார். செவெரீனோ அவருடைய அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். அக்கில்லே அவருக்குக் கொடுத்தவர். கயெத்தானோ அவர் பேத்திக்கு. அந்தக் கடைசித் தூணின் மேல் மூன்று வரிசை மட்டும் புதுச் சிமென்டில் வெளுத்துத் தெரிந்தது.

அவர் திரும்பி என் கைகளைப் பார்த்தார். சிமென்ட் அரித்த புண் ஆறாமல் இன்னும் துணி சுற்றியிருந்தது.

"சாமி" என்றார். "ஒங்க எல்லாத்துக்கும் தெரியுமா? இத்தன வருசமாவும்?"

"என்ன தெரியணும்?" என்றேன்.

அந்தப் பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேத்தியைத் தூக்கி மார்போடு அணைத்தபடி, தரையைப் பார்த்து நின்றார். முதலில் அவர். பிறகு மற்ற ஆண்களும் தொப்பியைக் கழற்றினார்கள்.

மாலையில் பள்ளிக்கூட அறையின் கதவடியில் நோர்மாவின் சூப்புத் தட்டு இருந்தது. தட்டைக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 12

வீடுகளையும் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். பழைய நீர்வழிகளைத் திறந்து தண்ணீரை வடியவிட்ட பிறகுதான் திரும்ப விடுவார்களாம். இலாரியாவிடம் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் நிலவறை எதுவரை போகிறது என்று தாங்களே சொல்கிறார்கள்.

தொன் கயெத்தானோவைப் பார்க்கப் போனேன். செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒன்றைத்தான் கேட்டார்.

"உள்ள யாராச்சும்?"

"யாருமில்ல சாமி."

கண்ணை மூடினார். பிறகு என் கையை எடுத்துத் திருப்பி, துணியை விலக்கி, காய்ந்துவருகிற புண்களைக் கட்டைவிரலால் தடவினார்.

"கோணலாத்தான் கட்டியிருப்பிய" என்றார்.

"ஆமா சாமி."

சிரிக்கத் தொடங்கினார். முதுகு வலித்திருக்க வேண்டும், ஆனாலும் நிறுத்தவில்லை. நானும் சிரித்தேன். எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை, இருவருக்கும். பேருந்துக்கு நேரமாகும்வரை அவர் என் கையை விடவில்லை.